ஈரத்துணி சார் செய்த சத்தியம்

காஞ்சிபுரத்தில் கத்திரி வெயிலைத் திட்டாதவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் வரதராஜப் பெருமாள். அவருக்குக் குடை பிடிக்கவும் விசிறவும் ஆள் இருக்கிறார்கள், அவர் ஏன் திட்டப் போகிறார்? இன்னொருவர் எங்கள் காம்பவுண்டில் எதிர் வீட்டில் குடியிருந்த ஈரத்துணி சார். வெயில் ஏற ஏற அவர் முகத்தில் ஒரு களை வரும். ஊரே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடுகிற உச்சி வேளையில் மனிதர் நடுத்தெருவில் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருப்பார்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இல்லாமலில்லை. அவர் மகளின் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் அது எனக்கே தெரிந்தது, படித்த கையோடு மறந்தும் போனது. தபால்காரரில் தொடங்கி கேன் தண்ணீர் போடுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் ஈரத்துணிதான். முகத்துக்கு நேரே மட்டும் ஒரு ‘சார்’ சேரும்.

காரணம் அவர் கையில் இருந்த கட்டை. பள்ளிக்கூட ஸ்கேல் நீளத்துக்கு ஒரு மரக்கட்டை, அதில் இரண்டு தெர்மாமீட்டர். ஒன்று மொட்டையாக இருக்கும். இன்னொன்றின் நுனியில், மனைவி கஸ்தூரி அக்காவின் பழைய பாவாடையிலிருந்து கிழித்த துணியைச் சுற்றி நனைத்து வைத்திருப்பார். கட்டையின் ஒரு முனையில் கைப்பிடி. வாசலில் நின்று அதைக் கிலுகிலுப்பை மாதிரி விர்ரென்று சுற்றுவார். தெரு நாய்கள் பின்வாங்கும். பிறகு மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் அறிவிப்பார்: “காத்து முப்பத்தெட்டு! ஈரம் இருபத்தேழு!”

அவர்கள் குடிவந்த மறுநாள் இதை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. எங்கள் வாசலைப் பார்த்து ஏதோ செய்வினை வைக்கிறார் என்றே நினைத்தேன். நான் மட்டும் சும்மா விடுவேனா? ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்து, குங்குமம் தடவி, அவர் வீட்டுப் படியைப் பார்த்து வைத்தேன். சாயங்காலம் வந்து கதவைத் தட்டினார். “ஏம்மா, எலுமிச்சம்பழம் வெச்சிருந்தியே, ரொம்ப தேங்க்ஸ்மா. ஜூஸ் போட்டுக் குடிச்சேன். குங்குமத்த மட்டும் கழுவிட்டேன்” என்றார். அப்படிப்பட்ட ஆளுக்கு என்ன செய்வினை பலிக்கும்?

கெமிக்கல் இன்ஜினீயர். சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், கூலிங் டவர் என்கிற தண்ணீர் ஆற்றும் கோபுரத்தின் அடியிலேயே காலத்தைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்று வந்தவர். நம் ஊரில் கோபுரத்துக்கா பஞ்சம்? ஆனால் அவர் எந்தக் கோபுரத்தையும் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டதில்லை. “உள்ள காத்து எப்டி போவுது?” என்றுதான் பார்ப்பார்.

அவருடைய சித்தாந்தத்தை நான் விரும்பிப் படிக்கவில்லை. எதிர் வீடு, காதில் விழுந்து தொலைத்தது. சூடான தண்ணீரை மேலேயிருந்து மழை மாதிரி விழவிட்டு, பக்கவாட்டிலிருந்து காற்றை இழுத்தால், தண்ணீரில் கொஞ்சம் ஆவியாகிக் காற்றோடு போய்விடுமாம். போகிறது சும்மா போகாமல் மிச்சத் தண்ணீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகுமாம். நம் மேல் வேர்வை காய்ந்தால் சில்லென்று இருப்பதும் அதனால்தானாம்.

“அப்டி எவ்ளோ குளுரும்? இந்த ஈரத்துணி எவ்ளோ காட்டுதோ அவ்ளோதான். அதுக்குக் கீழ தண்ணி ஒரு நூல் எறங்காது. நீ தலகீழா நின்னாலும் எறங்காது.”

“நான் எதுக்கு சார் தலகீழா நிக்கணும்?”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா.”

ஒரு பங்குனியில் நாங்கள் ஏர்கூலர் வாங்கினோம். ஏசி வாங்க வக்கில்லாதவர்கள் வாங்கி, ஏசி என்று நினைத்துக்கொள்வது. எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கதவு, ஜன்னல் அத்தனையும் சாத்தி, இடுக்கில் பழைய துணியைத் திணித்தேன். குளிர் வெளியே போய்விட்டால் கரண்ட் பில் யார் கட்டுவது? முதலில் ஊட்டியாகத்தான் இருந்தது. காலையில் பார்த்தால் அப்பளம் துவண்டு தொங்குகிறது, உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கிறது, தீக்குச்சியை உரசினால் மருந்து வழித்துக்கொண்டு வருகிறது. என் வீட்டுக்காரர் தும்மிக்கொண்டும் வேர்த்துக்கொண்டும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருந்தார்.

கூப்பிடாமலே வந்துவிட்டார் ஈரத்துணி. எங்கள் கூடத்தின் நடுவில் நின்று கட்டையைச் சுற்றியதில் தினசரிக் காலண்டர் கிழிந்து ஆடி மாதத்துக்குப் போய்விட்டது.

“பாத்தியா! துணி கட்டினதும் கட்டாததும் ஒரே நம்பர்ல நிக்குது!” பேரன் பிறந்த மாதிரி அவருக்கு சந்தோஷம். “இந்த ரூம்ல காத்துக்கு வயிறு முட்டிப் போச்சும்மா. பந்தில வயிறு நெறைய சாப்ட்டவன் எலைல மறுபடி சாம்பார ஊத்தினா அவன் இன்னா பண்ணுவான்? இனிமே தண்ணி ஆவியாவாது, கூலர் வெறும் சத்தந்தான் போடும். ஜன்னலத் தொற. பசியோட இருக்கற காத்து உள்ள வரட்டும்.”

திறந்தேன். சரியாகிவிட்டது. அதை நான் அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டால் அடுத்த பாடத்துக்கு மறுநாளே வந்து நிற்பார்.

சரியாகச் சொன்னதோடு நிறுத்தத் தெரிந்திருந்தால் அவர் ஏன் ஈரத்துணி ஆகிறார்? பின்தெருவில் தறி போட்டிருந்த சீனு, ஒரு நாள் டீக்கடையில் வாய்தவறிப் புலம்பிவிட்டார். “காத்து வறண்டு கெடக்குதுபா. பட்டு இழை அறுந்துக்கினே இருக்குது.” போதாதா? ஈரத்துணி அன்றைக்கே தறிக்கூடத்துக்குப் போய் இரண்டு கோணியை நனைத்துத் தொங்கவிட்டார். இழை அறுவது நின்றது. சீனு காபி வாங்கிக் கொடுத்தார். அத்தோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. இரண்டு கோணிக்கே இப்படி என்றால் பத்துக் கோணிக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டுவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் பின்தெருவிலிருந்து ஒரே கூச்சல். தறியில் விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்த பாவு நூல், கொடிக்கயிறு மாதிரி தொய்ந்து கிடந்தது. தகரக் கூரை இரவு குளிர்ந்து, உள்ளே இருந்த ஈரமெல்லாம் அதில் பனியாகக் கோத்து, தறியில் வந்து உட்கார்ந்த சீனுவின் வழுக்கைத் தலையில் சொட்டுச் சொட்டாக விழுந்திருக்கிறது. சீனுவுக்கு வீட்டில் தெலுங்கு. கோபம் வந்தால் தெருவிலும் தெலுங்குதான்.

“ஏமய்யா, நீக்கு புத்தி லேதா? எழ அறுவுதுன்னு சொன்னா என் தலைக்குத் திருமஞ்சனமா பண்ணுவ?”

ஈரத்துணி அசரவில்லை. கூரையையே ஆசையாகப் பார்த்துக்கொண்டு, “இதான்பா பனிப்புள்ளி, காத்து தாங்காம ஈரத்தக் கக்கற எடம். எவ்ளோ அழகா வந்திருக்குது பாரு” என்றார். சீனு அடிக்கக் கை ஓங்கியதையும், நாலு பேர் பிடித்துக்கொண்டதையும் அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

இதையெல்லாம் நாங்கள் சிரித்துக்கொண்டே பேசுவோம். எங்களுக்கென்ன, அவர் எங்களுக்கு அப்பா இல்லையே. நிவேதாவுக்கு அப்பா.

நிவேதா ஒரே மகள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. கெட்டிக்காரப் பெண், வாயும் உண்டு. அவளைப் பெண் பார்க்க முதலில் வந்தவர்கள் வாலாஜாக்காரர்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வேர்த்து ஊற்றியது. ஈரத்துணி அவரையே உற்றுப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு வேர்வ வருது, ஆனா காயல. தப்பு உங்க மேல இல்ல, சட்ட பிளாஸ்டிக்கு” என்று சொல்லி, சட்டையைக் கழற்றச் சொன்னார். கழற்ற மாட்டேன் என்றதும் ஒரு ஈரத்துண்டைக் கொண்டுவந்து அவர் தலையில் போர்த்திவிட்டார். பாதி பஜ்ஜி தட்டில் இருக்க அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அடுத்து வந்தவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் போனார்கள். ஆரணியிலிருந்து மூன்றாவது வரன் வந்தபோது, ஈரத்துணியைக் கூரம் கிராமத்தில் இருந்த தம்பி வீட்டுக்கு மூட்டை கட்டி அனுப்பிவிட்டுத்தான் கஸ்தூரி அக்கா பெண்ணையே காட்டினார். வரன் படிந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் நிவேதா அவரை உட்காரவைத்துப் பேசினாள். நானும் பூத்தொடுக்கிற சாக்கில் அங்கேதான் இருந்தேன்.

“அப்பா, ஒன்ன நான் திட்டலப்பா. ஸ்கூல்ல, காலேஜ்ல, இந்தத் தெருவுல, எங்க போனாலும் நான் ‘ஈரத்துணி பொண்ணு’தான். போற வீட்லயாவது எனக்கு என் பேரு இருக்கட்டும்பா. கல்யாணம் முடியற வரைக்கும் அந்தக் கட்டையத் தொடாத. யார்கிட்டயும் ஒரு நம்பரும் சொல்லாத. எனக்காகப்பா.”

ஈரத்துணி எழுந்து போய், சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். அணைத்த கையை உதறிக்கொண்டே, “இந்த சூடம் எரியறது எத்தன டிகிரி தெரியுமா...” என்று ஆரம்பித்தவர், கஸ்தூரி அக்கா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

எனக்கு நம்பிக்கை இல்லை. வேட்டி மடிப்பிலாவது சொருகிக்கொண்டு வருவார் என்று என் வீட்டுக்காரரிடம் அடித்துச் சொன்னேன்.

சம்பந்தியம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஏசி மண்டபம். வரதட்சணை வேண்டாம், சீர் வேண்டாம், ஆனால் ஆரணியிலிருந்து வருகிறவர்களுக்குக் காஞ்சிபுரத்தில் வேர்க்கக் கூடாது. சித்திரை மாதத்தில்! கஸ்தூரி அக்கா அலையாய் அலைந்து ஊருக்கு வெளியே ஒரு புது மண்டபம் பிடித்தார். வாசலில் இருப்பதிலேயே பெரிய எழுத்து ‘ஏசி’ என்பதுதான், மண்டபத்தின் பேர் அதற்குக் கீழே பொடியாக இருந்தது. மொட்டை மாடியில் கூலிங் டவரே வைத்திருந்தார்கள். ரிசப்ஷன் அன்று சாயங்காலம் நாங்கள் போய் இறங்கியபோது அந்த மொட்டை மாடியில் ஒரு பிரம்மாண்டமான ஃபிளெக்ஸ் பேனர் தெரிந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் உபயம். அவருக்கு ஆரணிப் பக்கம் ஒரு கட்சியில் ஏதோ பொறுப்பு. மேலே தலைவர் படம், அதற்குக் கீழே தாய்மாமன் கைகூப்பியபடி ஆளுயரத்தைப் போல மூன்று மடங்கு. பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கே என்று தேடினால் ஒரு மூலையில் பாஸ்போர்ட் சைசில் இருந்தார்கள்.

முதல் ஒரு மணி நேரம் மண்டபம் ஜில்லென்றுதான் இருந்தது. பிறகு மெல்ல மெல்லப் புழுங்க ஆரம்பித்தது. கனத்த பட்டுப் புடவைகளில் பெண்கள் நெளிந்தார்கள். மொய்க் கவரால் விசிறிக்கொண்டார்கள். பியூட்டி பார்லர் பெண் மேடைக்கு ஓடி ஓடி நிவேதாவின் முகத்தை ஒற்றினாள். ஒற்ற ஒற்ற முகம் கழன்று பஞ்சில் வந்தது.

மண்டப மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தார். “ஜனம் ஜாஸ்திபா. டவர்ல தண்ணி சூடாவே நிக்குது, மெஷின் கட் ஆவுது. ஐஸ் சொல்லிருக்கேன், வந்துடும்.”

சொன்ன மாதிரியே வந்தது. விருந்தாளிகள் நடுவில் சாக்கு சுற்றிய ஐஸ் பாளங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு நாலு பேர் மாடிக்கு ஏறினார்கள். மீன் மார்க்கெட் ஐஸ் போலிருக்கிறது, வழியெல்லாம் மீன் வாடை.

முன்வரிசையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் ஈரத்துணி. பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார், கை தானாக எழுந்து ஏதாவது செய்துவிடப் போகிறது என்கிற பயத்தில். ஐஸைப் பார்த்ததும் என் பக்கம் சாய்ந்தார்.

“ஏம்மா... டவருக்கு ஐஸ் போடறாங்கம்மா...” பிள்ளையைக் கிணற்றில் போடுகிறார்கள் என்பதுபோலச் சொன்னார்.

“சார், சத்தியம்.”

“நான் ஒண்ணும் சொல்லலம்மா. நான் ஒண்ணுமே சொல்லல.” கண்ணை இறுக மூடிக்கொண்டார். உதடு மட்டும் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

ஐஸ் கரைந்தது. புழுக்கம் கரையவில்லை. சம்பந்தியம்மா எழுந்து நின்று, மேடைக்கும் சமையல்கட்டுக்கும் சேர்த்துக் கேட்கிற குரலில் ஆரம்பித்தார்.

“ஏசி மண்டபம்னு சொல்லி இட்லிப் பானைல உக்கார வெச்சிட்டாங்க! எங்க ஊர்ல கோழிப் பண்ணை கூட இத்தவிட குளுகுளுன்னு இருக்கும். பொண்ணு பயோடேட்டால இன்னா போட்டிருந்துச்சு? அப்பா கூலிங்ல பெரிய இன்ஜினீயராம்! இன்னாத்த கிழிச்சாரு? பாரு, பொம்ம மாதிரி உக்காந்துக்கினு இருக்காரு!”

கஸ்தூரி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பதினைந்து வருஷமாக அந்த மனிதரை நாங்கள் பேசாத பேச்சா? ஆனால் அது நாங்கள் பேசுவது. ஆரணியிலிருந்து வந்து இந்தம்மா யார் பேச? எழுந்து நாலு கேள்வி கேட்கலாம் என்று புடவையைச் சொருகினேன். அதற்குள் மேடையிலிருந்து சத்தம் வந்தது.

“அப்பா!”

நிவேதா மாலையோடு மேடை விளிம்புக்கு வந்து நின்றிருந்தாள். “எழுந்திரு. மேல போய்ப் பாரு.”

ஈரத்துணி தரையைப் பார்த்தபடி, “சத்தியம்மா...” என்றார்.

“சத்தியம் வாங்கினது நான்தான? நானே வாபஸ் வாங்கறேன். போப்பா!”

அந்த வயதில் ஒருவர் அப்படிப் படியேறி நான் பார்த்ததில்லை. மேனேஜர் பின்னால் ஓடினார், நான் ஓடினேன், எதற்கென்றே தெரியாமல் தாய்மாமனும் ஓடிவந்தார். மாடிக்குப் போனதும் மடியிலிருந்து கட்டையை எடுத்துச் சுற்றப் போகிறார் என்று நான் கொஞ்சம் விலகி நின்றேன். அவசரத்தில் மறந்துவிட்டார் போலிருக்கிறது, சுற்றவில்லை. நின்று பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

அந்த மாபெரும் ஃபிளெக்ஸைக் கட்ட வேறு இடம் கிடைக்காமல், கூலிங் டவரைச் சுற்றியே நாலு பக்கமும் இழுத்துப் போர்த்திக் கயிறு கட்டியிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து பார்த்தாலும் தாய்மாமன் தெரிய வேண்டுமே! காற்று உள்ளே போகிற பலகைச் சந்துகள் அத்தனையும் தாய்மாமனின் சிரிப்புக்குப் பின்னால் அடைந்து கிடந்தன. மேலே ஃபேன் சுற்றுகிறது, இழுக்கக் காற்று இல்லை. மேனேஜருக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது. கட்சிக்காரர் பேனரில் கை வைக்க யாருக்கு தைரியம்?

“இதக் கழட்டணும்” என்றார் ஈரத்துணி.

தாய்மாமன் துள்ளிக் குதித்தார். “யோவ், எங்க தலைவர் மூஞ்சில கைய வெப்பியா? அப்புறம் ஆரணியே தெரண்டு வரும்!”

“தலைவர் மேலதான இருக்காரு? அவரு பாட்டுக்கு இருக்கட்டும்பா. கீழ இருக்கறதுதான் மூச்ச அடைக்குது.” சொல்லிக்கொண்டே, வேட்டியை மடித்துக் கட்டுகிற மாதிரி பேனரின் கீழ்ப்பாதியை மடித்து மேலே தூக்கிக் கட்டிவிட்டார். தலைவர் முழுசாக இருந்தார். தாய்மாமனுக்கு நெற்றிக்கு மேலே முடி மட்டும் மிஞ்சியது.

டவர் ஒரு பெருமூச்சு விட்டது. இல்லை, எனக்கு அப்படித்தான் கேட்டது. என் புடவைத் தலைப்பு அதன் பக்கம் பறந்தது. ஈரத்துணி விட்டாரா? பலகையை நீக்கி உள்ளே தலையை நீட்டி, தண்ணீர் சரியாக விழுகிறதா என்று பார்த்தார். சரியாகத்தான் விழுந்தது, அவர் தலை மேல். தொப்பலாக நனைந்து, ஐஸ்காரர்களின் மீன் வாடையோடு வெளியே வந்தார். இறங்கும் வழியெல்லாம் மேனேஜரைத் திட்டிக்கொண்டே வந்தார். “ஐஸ் போட்ட பாரு, அதுக்கு ஒன்ன உள்ள வெக்கணும்!”

கொஞ்ச நேரத்தில் மண்டபம் குளிர்ந்தது. சம்பந்தியம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “ரொம்ப குளுருதே, கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க” என்றார். அந்தம்மாவை நான் முறைத்த முறைப்பு இன்னும் ஆரணியில் நினைவிருக்கும்.

அப்போதுதான் நிவேதா, பாட்டுக் கச்சேரிக்காரர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

“எல்லாரும் ஒரு நிமிஷம். அதோ நனைஞ்சு நிக்கறாரே, அவருதான் எங்கப்பா. ஊர்ல அவர ஈரத்துணின்னு சொல்வாங்க. நான் ஈரத்துணி பொண்ணு.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “அப்பா, மேல வா. இப்ப காத்து எவ்ளோ, ஈரம் எவ்ளோன்னு எல்லாருக்கும் சொல்லு.”

கேட்காதவர்களுக்கெல்லாம் இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தவர். இதோ, ஒரு மண்டபமே கேட்கக் காத்திருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பேசப் போகிறார், சாப்பாடு ஆறிப் போகும் என்று நான் பந்திப் பக்கம் நகர்ந்தேன். மேடையேறி மைக்கை வாங்கினார். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

“அளக்கலையேம்மா” என்றார்.

“ஏன்பா?”

“கட்டைய கொண்டாரலம்மா. நீ வாணாம்னு சொன்னியே.” மைக்கில் அவர் மூச்சு கேட்டது. “அளக்காம எப்டிம்மா நம்பர் சொல்றது?”

யாரும் சிரிக்கவில்லை. நிவேதா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கன்னத்து மேக்கப்பெல்லாம் கரைந்து வழிய, நல்ல கெட்டி ஜரிகை போட்ட தன் ரிசப்ஷன் பட்டின் முந்தானையை இழுத்து, சொட்டச் சொட்ட நின்ற அவர் தலையை அழுத்தி அழுத்தித் துவட்டினாள்.

பட்டில் தண்ணீர் பட்டால் கறை நிற்கும். இந்த ஊரில் நடக்கத் தெரிகிற குழந்தைக்குக்கூட அது தெரியும். “அடியே, ஜரிகை!” என்று நான் கத்தியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான், ஒரு பட்டுப் புடவை போனால் போகட்டும் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக நினைத்தேன்.